பழம் பியானோவின் குரல்

வீணையில் விரலே தந்தியை மீட்டுகிறது. குழலில் மூச்சே துளையுட் புகுந்து இசையாகிறது. பியானோவில் கலைஞன் தந்தியைத் தொடுவதே இல்லை. ஆர்மோனியத்திற் போல அவன் கட்டையை அழுத்த, உள்ளிருக்கும் சிறு சுத்தியல் எழுந்து தந்தியை அடித்து மீள்கிறது. அக்கருவியின் குரல் இனிப்பதும் கரகரப்பதும் பெரிதும் இச்சுத்தியலின் தலையைப் பொறுத்தனவாம். ஆதலின் பியானோவின் வரலாறு ஒருவகையிற் சுத்தியலின் வரலாறே எனலாம்.

பியானோவைப் படைத்தவர் இத்தாலியப் பதுவா நகரிற் பிறந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி (1655–1731). பிளாரன்ஸில் மெதிச்சி அரச குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பேணி வந்தவர் அவர். 1700ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அக்குடும்பத்துக் கருவிப் பட்டியலில் இப்புதுக் கருவி இடம்பெற்றுள்ளது. அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு, இறகின் தண்டால் தந்தியைச் சுண்டுவது; எப்படி அழுத்தினும் அதன் ஒலி ஏறக்குறைய ஒரே அளவினது. கிறிஸ்தோபோரியின் சுத்தியலோ விரலின் மென்மையையும் வன்மையையும் தந்திக்குக் கொண்டு சென்றது. காகிதத்தைச் சுருளாகச் சுற்றிப் பசையிட்டு, தந்தியிற் படுமிடத்தில் தோலை ஒட்டி அச்சுத்தியலின் தலையை அவர் செய்தார்.

பின்னர் வந்த வியன்னாக் கைவினைஞர் சிறு மரத்தலையின்மேல் தோல் போர்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் பெரிய அரங்குகளுக்குப் பேரொலி வேண்டியதாயிற்று. 1825இல் பாஸ்டன் நகரத்து ஆல்பியஸ் பாப்காக், ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்திற்கு உரிமை பெற்றார். இரும்பின் வலிமையால் தந்திகள் தடித்தன. அவற்றின் இழுவிசையும் ஏறியது. இன்றைய பெரும் பியானோவில் அது ஏறத்தாழ 20 டன். இத்தகைய தந்தியை அடிக்கக் கனத்த சுத்தியல் தேவைப்பட்டது. 1826இல் பாரிஸில் தொழில் நடத்திய பாப்பே என்பார், ஃபெல்ட் எனப்படும், நெய்யாது அழுத்திச் செய்த கம்பளியைச் சுத்தியலுக்குப் போர்த்தும் முறைக்கு உரிமை பெற்றார். நாளடைவில் தோலின் இடத்தைக் கம்பளி கைப்பற்றியது.

கம்பளிக்கும் முதுமை உண்டு. பன்முறை அடித்ததில் அதன் முகத்திலே தந்தியின் தடம் பள்ளமாக விழும், கம்பளி இறுகும், ஒலி கூர்மையாகிச் செவியை உறுத்தும். அப்பொழுது வினைஞன் உப்புத்தாளால் தலையைத் தேய்த்துப் பழைய வடிவம் தருவான். பின் ஊசியால் அதன் தோள்களிற் குத்தி இறுக்கத்தைத் தளர்த்துவான். குறைவாகக் குத்தினால் கடுமை நீங்காது. மிகுதியாகக் குத்தினால் குரல் மங்கிவிடும். 88 சுத்தியல்களும் ஒரே குடும்பத்துக் குரலாய் ஒலிக்கும் வரை அவன் செவியே அளவுகோல்.

தேய்க்கத் தேய்க்கக் கம்பளி மெலிந்தால் சுத்தியல்களை மாற்றுதல் தவிர்க்க இயலாதது. ஆயின் பழைய கருவிக்கு இற்றைநாட் கனத்த சுத்தியலைப் பொருத்தினால் விரலுக்குக் கட்டைகள் பளுவாகும், ஒலியும் வேறாகும். தந்தியில் அடி விழும் இடம், மேற்சுரங்களில் ஒரு மில்லிமீட்டர் பிறழினும் ஒலியின் தன்மை மாறும்.

இம்மாற்றங்களின் விளைவை நியூயார்க்கிற் காணலாம். கிறிஸ்தோபோரி செய்த பியானோக்களுள் இன்று எஞ்சியவை மூன்றே. அவற்றுள் மூத்தது, 1720ஆம் ஆண்டுக் கருவி, அந்நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. பிற்காலத்தார் அதைப் பலவாறு மாற்றியமைத்தனர்; 1938இல் ஒலிப்பலகையும் புதிதாக இடப்பட்டது. அது இன்றும் ஒலிக்கும். எனினும் கிறிஸ்தோபோரி கேட்ட குரல் யாதென அதனிடம் இனி அறிய இயலாது என்பது ஆராய்ந்தோர் முடிபு. லைப்சிக்கில் உள்ள 1726ஆம் ஆண்டுக் கருவியோ இப்போது வாசிக்கத்தக்க நிலையில் இல்லை. ஆயினும் காகிதச் சுருளும் தோலுமான சுத்தியலின் அமைப்பை அதுவே எடுத்துக்காட்டுகிறது. அதனைப் பார்த்துச் செய்த படிக் கருவிகள் அப்பழைய ஒலியை ஓரளவு மீட்டுத் தருகின்றன.

ஏட்டுச் சுவடியிற் பொருள் விளங்காத சொல்லைத் தம் விருப்பப்படி திருத்தி, மூல ஏட்டையும் எறிந்துவிடும் பதிப்பாசிரியர் செய்யும் பிழை எத்தகையது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். பழம் பியானோவைச் செப்பனிடுவோர்க்கும் அதுவே எச்சரிக்கை. வாசிக்க வேண்டிய கருவிக்குப் புதுச் சுத்தியல் இடலாம். ஆனால் கழற்றிய பழையதை அளந்து, குறித்து, பேணி வைத்தல் வேண்டும். காலத்தின் சான்று அந்தத் தேய்ந்த கம்பளியிலும் சுருங்கிய தோலிலுமே இருக்கிறது.