சம்பளப் பிடித்தமும் கெடு நாட்களும்

இராமநாதபுரம், மண்டபம், இராமேஸ்வரம் கடலோரத்தில் விடுதி, உணவகம், ஐஸ் கம்பெனி, மீன் பதப்படுத்தும் கூடம் போன்ற சிறு தொழில்களை நடத்துவோர், தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் தொகையைக் குறித்த நாளுக்குள் செலுத்த வேண்டும். இந்தக் கெடு நாட்கள் வெவ்வேறு காலச் சட்டங்களில் உருவானவை.

தொழில் வரி

தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் எனத் தொழில்மீது விதித்த வரிகளைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணலாம். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தொழில் வரியை அரையாண்டுக் கணக்கில் வைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் உறுப்பு ஆண்டுக்கு ரூ.250 என வகுத்த உச்சவரம்பு, 1988இல் 60ஆவது திருத்தத்தால் ரூ.2,500 ஆனது. தமிழ்நாட்டில் இவ்வரி உள்ளாட்சி அமைப்புக்கே சேரும். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்பவை அதன் அரையாண்டுகள்.

வருங்கால வைப்பு நிதி

1952ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஆறு தொழில்களில், 50 பேருக்குக் குறையாத ஆலைகளுக்குப் பொருந்தியது. 1960இல் இவ்வரம்பு 20 பேராகக் குறைந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். அதன்மேல் இருந்த ஐந்து நாள் சலுகை 2016இல் நீக்கப்பட்டது. காகிதப் படிவங்களுக்கு மாற்றாக 2012இல் மின்னணுக் கணக்கு வந்தது.

இ.எஸ்.ஐ.

1948ஆம் ஆண்டுச் சட்டப்படியான இத்திட்டம் தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. இப்போது பொதுவாக 10 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. 21ஆம் தேதியாக இருந்த கெடு, 2017இல் 15ஆம் தேதியானது.

ஏப்ரல்–செப்டம்பரில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால், அடுத்த ஜனவரி–ஜூனில் நோய்க்கால உதவித்தொகை பெறலாம். அக்டோபர்–மார்ச் பங்களிப்பு ஜூலை–டிசம்பருக்கு உதவும். முதலாளி கட்டாமல் விட்டால், மாதங்கள் கழித்து நோயுற்ற தொழிலாளி தன் உரிமையை நிறுவ அலைய நேரிடும்.

வருமான வரி

வருமான வரிக்கு உட்பட்ட சம்பளமாக இருந்தால், பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. பிடித்தக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும்.

தவறினால்

வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் தொழிலாளியிடம் பிடித்த பணம் முதலாளியின் கையில் அடைக்கலப் பொருள். அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகக் கருதுகிறது. தாமதமாகக் கட்டினாலும் இழப்பு உண்டு. தொழிலாளியின் இந்தப் பங்கைக் கெடு கடந்து கட்டினால், வருமான வரிக் கணக்கில் அதற்குக் கழிவு கிடையாது என 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடலோரத் தொழில்களில் வரவு குறையலாம். ஆனால் கொடுத்த சம்பளத்துக்கான கெடு மாறாது. சம்பளம் கொடுக்கும் நாளிலேயே பிடித்தத் தொகையைத் தனியே எடுத்து வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.