உலையில் விளைந்த கண்

கிரிக்கெட் ஒளிபரப்பில், எல்லைக்கோட்டுக்கு வெளியே வரிசையாக நீண்டிருக்கும் வெள்ளை லென்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு வில்லைகள் கண்ணாடியே அல்ல, படிகம். ஜப்பானில் ஒரு வெற்றிட உலைக்குள் வெறும் தூளாக அதன் வாழ்க்கை தொடங்குகிறது.

அந்தத் தூளான கால்சியம் ஃப்ளூரைடு உருக 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உருகியதை அவசரப்பட்டு ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், ஒளி நேர்மையாகக் கடக்காது. அதனால் நாள்கணக்கில், மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள்.

இத்தனை பாடு எதற்கு? சாதாரணக் கண்ணாடி, சிவப்பு ஒளியைவிட நீல ஒளியைக் கூடுதலாக வளைக்கும். தூரத்தை இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸில் இந்த வேறுபாடு பெருகி, ஆட்டக்காரரின் வெள்ளைச் சட்டை ஓரத்தில் ஊதாக் கோடாகப் படியும். ஃப்ளூரைட் எனப்படும் இந்தப் படிகத்தில் நிறங்கள் அவ்வளவாகப் பிரிவதில்லை. இதை அறிந்த எர்ன்ஸ்ட் அபே, 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் நுண்ணோக்கி வில்லைகளுக்கு இயற்கை ஃப்ளூரைட்டைப் பயன்படுத்தினார். ஆனால் மண்ணிலிருந்து கிடைத்த மாசற்ற கற்கள் சிறியவை. நுண்ணோக்கிக்கு அது போதும், கேமராவுக்குப் போதாது. கல் கிடைக்காவிட்டால் நாமே வளர்ப்போம் என்று 1966இல் கேனன் நிறுவனம் இறங்கியது. 1968இல் செயற்கைப் படிகம் கைகூடியது. 1969இல் எஃப்எல்-எஃப் 300 மி.மீ. லென்ஸ் அந்தப் படிகத்தைச் சுமந்து கடைக்கு வந்தது.

படிகம் வளர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? கத்தி முனை பட்டால் கீறல் விழும் அளவுக்கு அது மென்மையானது. சட்டென்று சூடு மாறினால் விரிசல் விடும். கண்ணாடியைத் தேய்ப்பதைப்போல நான்கு மடங்கு நேரம் எடுத்துத்தான் அதைத் தேய்த்து மெருகேற்ற முடியும். விலையைக் கேட்டு மலைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பொறுமையைத்தான்.

அப்படி மெருகேறிய இரண்டு வில்லைகள், கேனனின் 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் 2018 பதிப்புக்குள் போயின. மொத்தம் 17 வில்லைகள். குவியத் தொலைவான 400ஐ எஃப் எண்ணான 2.8ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒளி நுழையும் வாசல் ஏறக்குறைய 143 மி.மீ. அகலம், ஒரு சிற்றுண்டித் தட்டு அளவு. புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் 75-300 மி.மீ. லென்ஸில், முழு நீளத்தில் எஃப் 5.6 என்னும்போது, அது 54 மி.மீ. மட்டுமே.

நண்பகல் வெயிலில் இரண்டிலும் படம் எடுத்தால், நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பலருக்கு வித்தியாசம் தெரியாது. பொழுது சாயட்டும். எஃப் 5.6 விடுவதைப்போல நான்கு மடங்கு ஒளியை எஃப் 2.8 உள்ளே விடும். சின்ன லென்ஸ் 1/250 நொடி கேட்கும் இடத்தில் இதற்கு 1/1000 நொடி போதும். மட்டையில் பட்ட பந்து முன்னதில் கோடாக இழுபடும், பின்னதில் அந்த இழுபடல் வெகுவாகக் குறையும். மழை தூறினால் ஒருவர் கேமராவைப் பைக்குள் திணிப்பார். மற்றவருக்கு, கேமராவோடு லென்ஸ் சேரும் உலோக வளையத்திலும் பொத்தான்களிலும் ரப்பர் பட்டைகள் காவல் இருக்கும். நான் இதைத்தான் தொழில்முறைத் தரம் என்பேன்: சூழ்நிலை கைவிடும்போதும் கைவிடாமல் இருப்பது.

வெள்ளைப் பூச்சும் அலங்காரத்துக்கு அல்ல. வெயிலில் சூடேறினால் வில்லைகள் விரியும், ஃபோகஸ் நகரும். வெள்ளை அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. மீதிச் சூட்டுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியோடு நிற்காமல் அதைத் தாண்டியும் சுழலும்.

சுமக்கிறவரின் தோளையும் நினைத்தார்கள். 1999இல் வந்த, இதே 400 மி.மீ. லென்ஸின் முந்தைய பதிப்பு 5,370 கிராம். கனமான வில்லைகளை முன்பக்கத்திலிருந்து பின்னுக்குத் தள்ளிய 2018 பதிப்பு 2,840 கிராம். எடை ஏறக்குறையப் பாதி ஆனது, முன்பாரமும் தணிந்தது.

இந்த லென்ஸ் மாட்டப்பட்ட கேமரா சில ஆண்டுகளில் பழசாகும். உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்கள் வந்தபோது இணைப்பு வளையம் ஒன்றைப் போட்டு அதே லென்ஸை மாட்டிக்கொண்டார்கள். வெளிப்பூச்சு உரிந்து, முன்மூடியில் நசுங்கல் விழுந்தபடி அது இன்னொரு மைதானத்தின் ஓரத்தில், ஒற்றைக் கால் தாங்கியின்மேல் நின்று, மங்கும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது.