ஈச்சிலம்பற்றில் முன்பள்ளிக் கல்வி: குடித்தொகை மாற்றமும் கற்றல் அடைவும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே வெருகலாற்றை அண்டி அமைந்துள்ள ஈச்சிலம்பற்று, பொது நிருவாகத்தில் வெருகல் பிரதேச செயலகப் பிரிவாகவும், கல்வி நிருவாகத்தில் மூதூர் கல்வி வலயத்துக்கு உட்பட்ட ஒரு கோட்டமாகவும் இயங்குகிறது. பல கோட்டங்கள் சேர்ந்தது வலயம்; அருகருகே உள்ள பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் அலகு கோட்டம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 380,000 பேரைக் கொண்டிருந்த மாவட்டத்தில் இப்பிரிவின் பங்கு நான்கு சதவீதத்துக்கும் குறைவாகும். இத்தகைய சிறிய கோட்டத்தில் முன்பள்ளியின் அடைவு எனப் பதிவாவது கற்பித்தலின் தரத்தை விட, பிள்ளை அங்கு தொடர்ந்து இருக்க முடிந்ததா என்பதையே பெரிதும் காட்டுகிறது என இக்கட்டுரை வாதிடுகிறது.

பாடசாலை முறைமைக்கு வெளியே முன்பள்ளி

இலங்கையில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை நீண்டதாயினும், தரம் ஒன்றுக்கு முந்திய வயதினருக்கான தனி நிறுவனத்தை அரசு தன் பொறுப்பாக வளர்க்கவில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலை சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியதும், அம்மாற்றம் அத்தசாப்தத்தின் இறுதியில் கைவிடப்பட்டதும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் எவரின் பொறுப்பு என்ற கேள்வியைத் தீர்க்கவில்லை. அந்த இடைவெளியை நகரங்களில் மொண்டிசோரிப் பள்ளிகளும் கிராமங்களில் சர்வோதயம் போன்ற தொண்டமைப்புகளும், கோயில், தேவாலயம், கிராம அபிவிருத்திச் சங்கம் முதலியனவும் நிரப்பின. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளியை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தபோதிலும், வடக்கு–கிழக்கு மாகாண சபை 1990இல் செயலிழந்தபின் 2008 மே மாதம் வரை கிழக்கில் மக்கள் தெரிவு செய்த சபை இருக்கவில்லை. ஆகவே, ஈச்சிலம்பற்று போன்ற பகுதிகளில் கட்டடம் ஒரு தொண்டு நிறுவனத்துடையதாகவும், காணி கிராமத்துடையதாகவும், ஆசிரியையின் கொடுப்பனவு இன்னோரிடத்திலிருந்து வருவதாகவும் அமைந்த கலப்பு ஏற்பாடே வழக்கமாயிற்று.

இடம்பெயர்ந்த ஒரு வயதுக்குழு

இப்பிரிவின் மக்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்துக்கள். கரையோர வேடர் என 1911இல் செலிக்மன் தம்பதியர் தம் நூலில் விவரித்த பூர்வீகக் குடியினரின் வழிவந்தோரும் இவர்களுள் உள்ளனர். நெற்செய்கை, சேனைப் பயிர்ச்செய்கை, களப்பு மற்றும் கடல் மீன்பிடி, தேன், விறகு ஆகியனவே வாழ்வாதாரம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கரையோரத்தைத் தாக்கியது. 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கட்டை மையமாகக் கொண்டு வெடித்த போரினால் ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு மாவட்ட முகாம்களுக்கும் பெயர்ந்து, 2007இல் மீளக்குடியமர்த்தப்பட்டனர்.

ஒரே காலத்தில் பிறந்து ஒரே ஆண்டில் பாடசாலை சேரும் பிள்ளைகளின் தொகுதி வயதுக்குழு எனப்படும். 2002இல் பிறந்த வயதுக்குழுவைப் பின்தொடர்ந்தால் இடப்பெயர்வின் தாக்கம் துலங்கும். அப்பிள்ளைகள் முன்பள்ளியில் இருக்க வேண்டிய 2006, 2007ஆம் ஆண்டுகளை முகாம்களிலும் மீள்குடியேற்றத்திலும் கழித்தனர். 2008 சனவரியில் தரம் ஒன்றிலும் 2012இல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலும் அவர்களுக்கு உரிய முறை வந்தது. அவ்வாண்டுப் பெறுபேற்றை அமைதியில் வளர்ந்த ஒரு கோட்டத்தின் பெறுபேற்றுடன் அப்படியே ஒப்பிடுவது, ஐந்து ஆண்டு ஆரம்பக் கல்வியின் கணக்கில் ஆறு ஆண்டுக்கு முந்திய இழப்பையும் சேர்த்து எழுதுவதாகும்.

அடைவை அளத்தல்

முன்பள்ளிக்குப் பரீட்சை இல்லை. அதன் பயன் முதன்முதலில் புலப்படுவது, தொண்ணூறுகளின் இறுதிக் கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த ‘பிள்ளையை இனங்காணல்’ வேலைத்திட்டத்திலேயாகும். தரம் ஒன்றின் தொடக்க வாரங்களில் ஆசிரியர் பிள்ளையை விளையாட்டிலும் செயற்பாட்டிலும் ஈடுபடுத்தி, அது நிறம், வடிவங்களைப் பிரித்தறிகிறதா, சொன்னதைக் கேட்டுச் செய்கிறதா, பென்சிலைப் பிடிக்கிறதா, பிறரோடு பேசுகிறதா எனக் கவனித்துப் பதிவு செய்கிறார். இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையே ஐந்து சதவீதமாகிவிடுவதால், விறகுக்கோ கூலிக்கோ இரு குடும்பங்கள் வேறிடம் சென்றாலே வகுப்பின் பெறுபேறு பத்து சதவீதம் வரை மாறலாம். எனவே ஓராண்டு ஏற்ற இறக்கத்தைக் கொண்டு முன்பள்ளியைத் தரப்படுத்துவது பொருந்தாது. பல ஆண்டுகளின் எண்களைச் சேர்த்து நோக்குவதே பொருந்தும்.

வருகையை நிர்ணயிப்பவை

பிள்ளையின் வருகையைப் பருவமும் உணவும் ஆசிரியையின் நிலையும் நிர்ணயிக்கின்றன. வடகீழ்ப் பருவமழையில் மகாவலியின் கிளையான வெருகலாறு பெருகும் காலமே கல்வியாண்டு தொடங்கும் சனவரியும் ஆகும். 2011 சனவரி, பெப்ரவரி வெள்ளங்கள் கிழக்கு மாகாணம் முழுவதையும் பாதித்தன. போருக்குப் பின் பாலங்கள் அமைந்து வெருகல் துறைப்பாதை மறைந்தது நெடுஞ்சாலைப் பயணத்தை எளிதாக்கியதே தவிர, வயல் வரம்பு வழியே நடக்கும் நான்கு வயதுப் பிள்ளையின் பாதையை உயர்த்தவில்லை. முன்பள்ளியில் வழங்கப்படும் காலை உணவு வருகையைத் தாங்கும் தூணாகும். தாய்மார் முறைவைத்துச் சமைக்கும் இவ்வுணவுக்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒதுக்கப்பட்ட 60 ரூபா, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எனினும் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய அரிசி, பயறு விலைகளோடு அதனை ஒப்புநோக்க வேண்டும். ஆசிரியையோ பெரும்பாலும் அக்கிராமத்துப் பெண். சம்பளம் அன்றிச் சிறு கொடுப்பனவே பெறுவதால், வேறு வருமானம் கிடைத்ததும் விலகுகிறார், அவரோடு அவர் பெற்ற பயிற்சியும் போய்விடுகிறது.

முடிவுரை

முன்பிள்ளைப்பருவப் பராமரிப்பு மற்றும் அபிவிருத்தி குறித்த 2004ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையும், 2015இல் உலக வங்கி நிதியில் தொடங்கிய முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக் கருத்திட்டமும் கட்டடம், பயிற்சி, தரநியமம் ஆகியவற்றில் கவனம் செலுத்தின. ஈச்சிலம்பற்றின் வரலாறு இவற்றுக்கு முன்னதாக ஒரு கணக்கைக் கோருகிறது. மருத்துவமாதுவின் பிறப்புப் பதிவேடு, முன்பள்ளியின் வரவு இடாப்பு, தரம் ஒன்றின் இனங்காணல் பதிவு ஆகிய மூன்றும் இப்போது சுகாதாரம், மாகாண நிருவாகம், கல்வி வலயம் என வெவ்வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன. பிள்ளைக்குப் பிள்ளை இவை மூன்றும் இணைக்கப்படுமாயின், முன்பள்ளிக்கு வராத பிள்ளை யார், வந்தும் பின்தங்கிய பிள்ளை யார் என்பது வேறுபடுத்தித் தெரியவரும். முன்னதற்குப் பாதையும் உணவும், பின்னதற்கு ஆசிரியைக்கான நிலையான சம்பளமும் பயிற்சியும் பரிகாரமாகும்.