அஞ்சுநாட்டு மறையூர்: நீரும் கரும்பும்

முன்னுரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த வேளாண் ஊர் மறையூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்த பகுதி அஞ்சுநாடு எனப்படும். இவ்வூர்களில் குடியேறிய தமிழரின் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து வந்தவர் என்பது வாய்மொழி மரபு. முனியறை என வழங்கும் கல்திட்டைகளோ, அதற்கும் மிக முற்பட்ட மனித வாழ்வுக்குச் சான்றாக நிற்கின்றன.

நிலமும் நீரும்

மறையூர் மழைமறைவுப் பகுதியாகும். தென்மேற்குப் பருவமழை மூணாற்றில் கொட்டித் தீர்க்க, இங்குக் குறைவாகவே பெய்கிறது. எனவே பாசனமே வேளாண்மைக்கு அடிப்படை. கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்றனுள் ஒன்றான பாம்பாறு இப்பள்ளத்தாக்கின் வழியே ஓடி அமராவதியைச் சேர்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்துக்கு வழங்கிய 30 டி.எம்.சி. நீரில் பாம்பாற்றுப் படுகைக்குரியது 3 டி.எம்.சி. ஆகும். நீர் செல்லும் திசையிலேயே உடுமலைப்பேட்டைச் சாலையும் செல்கிறது.

ஆட்சி மாற்றங்கள்

1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவர் ஜே.டி. மன்றோவுக்கு மலைநிலம் வழங்கியபின் மூணாற்றுப் பகுதி தேயிலைத் தோட்டமாயிற்று. மறையூரோ உழவர் ஊராகவே நீடித்தது. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளம் வட்டம், 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தமிழர் கோரிக்கையை மீறிக் கேரளத்தில் அமைந்தது. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது.

கரும்பும் வெல்லமும்

மறையூரின் அடையாளப் பயிர் கரும்பு. ஆண்டு முழுவதும் வெட்டப்படும் கரும்பின் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்தபின் கையால் உருண்டை பிடிப்பர். கரும்பழுப்பு நிறமுடைய இவ்வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. சமவெளியில் செய்யப்படும் மலிவான வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுவதே உழவரின் நெடுநாள் குறை. விலை கட்டாதபோது உழவர் கரும்பைக் கைவிடுகின்றனர். அண்டையிலுள்ள காந்தலூரில் நெல்வயல்கள் பல யூக்கலிப்டஸ் தோப்புகளாக மாறியமை இதற்கு முன்னெச்சரிக்கையாகும்.

முடிவுரை

மறையூரின் வளர்ச்சி எல்லைக்கோட்டால் அன்று, ஆற்றாலும் பாசனத்தாலும் அமைந்தது எனலாம். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். வயலைக் காப்பது உழவர்க்குக் கட்டுப்படியாகும் விலையே. கரும்பு வயல் அழியின், காக்கப்பட்ட பெயர் பொருளற்றதாகிவிடும்.