உரிமமும் விலக்கும்: அமெரிக்கத் தனியார் துப்பறிவாளர் வரலாறு கூறும் பாடம்



கடந்த வாரம் வாசிப்பு வேளையின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் துப்பறியும் கதைநூல் ஒன்றைக் கையில் ஏந்தியபடி என் மேசைக்கு வந்தான். “ஐயா, யார் வேண்டுமானாலும் துப்பறிவாளர் ஆகலாமா? அதற்கு அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டுமா?” என்று வினவினான். எளிய வினாதான்; ஆனால் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டிற்கு வந்து தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. தனியார் துப்பறியும் தொழில் பெருந்தொழிலாக வளர்ந்த நாடு அமெரிக்கா என்பதால், அந்நாட்டு வரலாற்றையே எடுத்துக்கொண்டேன்.

ஆலன் பிங்கர்ட்டன் 1819-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். 1842-இல் அமெரிக்கா சென்று, இலினாய் மாநிலத்தில் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியாக வாழ்ந்தார். பின்னர், 1850-ஆம் ஆண்டையொட்டிச் சிக்காகோவில் தம் துப்பறியும் நிறுவனத்தைத் தொடங்கினார். திறந்த கண் ஒன்றும், ‘நாங்கள் உறங்குவதே இல்லை’ என்னும் பொருள்பட்ட வாசகமும் அதன் சின்னமாயின. 1856-இல் கேட் வார்ன் என்னும் பெண்மணியை அவர் துப்பறிவாளராகப் பணியமர்த்தினார். பெண்களுக்கு அலுவலக வேலையே அரிதாயிருந்த காலம் அது.

அன்று அமெரிக்க நகரங்களில் காவல்துறை வலுவாக இல்லை. மாநில எல்லையைத் தாண்டித் தப்பிய திருடனைத் துரத்திச் செல்ல எந்த நகரக் காவலருக்கும் அதிகாரம் இல்லை. இரயில் நிறுவனங்களும் வங்கிகளும் பிங்கர்ட்டனை நாடியதற்கு இதுவே காரணம். அரசு செய்யத் தவறிய பணியைத் தனியார் செய்தனர். ஆனால் அவர்களைக் கண்காணிப்பது யார் என்ற வினாவை அன்று பலர் எழுப்பவில்லை.

அவ்வினாவை நாடு முழுவதும் எழுப்பிய நாள் 1892-ஆம் ஆண்டு ஜூலை 6. பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் கார்னகி எஃகு ஆலை இருந்தது. சம்பளத் தகராற்றில் நிருவாகம் தொழிலாளர்களை வெளியே நிறுத்தி ஆலையைப் பூட்டியது. ஆலையின் பொறுப்பாளரான ஹென்றி கிளே பிரிக், ஏறத்தாழ 300 பிங்கர்ட்டன் ஆள்களை வரவழைத்தார். அவர்கள் இரவோடு இரவாகப் படகுகளில் மொனாங்கஹேலா ஆற்றின் வழியே கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பலர் அவசரத்தில் திரட்டப்பட்டவர்கள். எங்குச் செல்கிறோம் என்பதைக்கூட அறியாதவர்கள். கரையில் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் திரண்டு நின்றனர். துப்பாக்கிச் சண்டை நாள் முழுவதும் நீடித்தது. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. இறுதியில் பிங்கர்ட்டன் ஆள்கள் சரணடைந்தனர்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இந்நிகழ்வை விசாரித்தன. ஒரு செல்வர் தம் பணத்தைக் கொண்டு ஆயுதப் படையொன்றை வாடகைக்கு எடுக்க முடியுமாயின், சட்டத்தின் ஆட்சி என்பதற்குப் பொருள் என்ன? இவ்வினாவின் விளைவாக 1893-ஆம் ஆண்டு பிங்கர்ட்டன் எதிர்ப்புச் சட்டம் பிறந்தது. பிங்கர்ட்டன் நிறுவனத்திலோ அதனையொத்த அமைப்பிலோ பணியாற்றுபவரைக் கூட்டரசு அரசாங்கம் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பதே அதன் சாரம். அச்சட்டம் இன்றும் ஏட்டில் உள்ளது. ஆயினும், கூலிப்படை போல் ஆயுதம் தாங்கிய ஆள்களை வாடகைக்கு விடும் அமைப்புகளுக்கே அது பொருந்தும் என 1977-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

சிக்கல் அத்தோடு தீரவில்லை. தொழிற்சங்கங்களுக்குள் ஒற்றர்களை அனுப்பும் வழக்கம் தொடர்ந்தது. 1936-ஆம் ஆண்டு முதல் செனட்டர் லா ஃபோலெட் தலைமையிலான குழு இதனை விசாரித்து அம்பலப்படுத்தியது. 1937-இல் பிங்கர்ட்டன் நிறுவனம் தொழிலாளர்களை வேவு பார்க்கும் பணியைக் கைவிட்டது.

20-ஆம் நூற்றாண்டில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக உரிமச் சட்டங்களை இயற்றின. அமெரிக்காவில் தொழில் உரிமம் வழங்குவது பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே விதிகளும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் உரிமம் கோருபவர் 6,000 மணி நேர விசாரணைப் பணி அனுபவம் பெற்றிருக்க வேண்டும். இஃது ஏறத்தாழ மூன்றாண்டுப் பணி. சட்டப் பட்டதாரிக்கு 4,000 மணி நேரம் போதும். குற்றப் பின்னணி ஆய்வும் எழுத்துத் தேர்வும் உண்டு. புளோரிடாவில் ஈராண்டு அனுபவம் வேண்டும். அனுபவம் இல்லாதவர் முதலில் பயிற்சியாளர் உரிமம் பெற்று, உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றலாம். நம் பயிற்சி ஆசிரியர்கள் வழிகாட்டி ஆசிரியரின் கீழ்ப் பழகுவதைப் போன்றது இது.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தவை விலக்குகளே. கலிபோர்னியச் சட்டத்தில், கடமையில் ஈடுபட்டிருக்கும் அரசு அலுவலருக்கு உரிமம் தேவையில்லை. தம் வழக்குப் பணியைச் செய்யும் வழக்கறிஞருக்கும் தேவையில்லை. ஒரே முதலாளியிடம் நிலையான ஊழியராக இருந்து, அம்முதலாளியின் விவகாரங்களை மட்டும் விசாரிப்பவருக்கும் தேவையில்லை. இவர்களுக்கு மட்டும் ஏன் இச்சலுகை? அரசு அலுவலரை அவருடைய துறை கண்டிக்கும். வழக்கறிஞரை வழக்கறிஞர் மன்றம் கண்டிக்கும். ஊழியரின் செயலுக்கு முதலாளி பொறுப்பேற்பார். ஏற்கெனவே ஒரு கடிவாளம் இருக்கும் இடத்தில் இரண்டாவது கடிவாளம் வேண்டாம் என்பதே விலக்கின் அடிப்படை என நான் விளங்கிக்கொள்கிறேன். விலக்கு என்பது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று.

எல்லா மாநிலங்களும் இதனை ஏற்கவில்லை. வயோமிங், தெற்கு டக்கோட்டா, மிசிசிப்பி போன்றவை மாநில அளவில் துப்பறிவாளர் உரிமத்தை வலியுறுத்துவதில்லை. கொலராடோ 2015-இல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2020-இல் அதனை நீட்டிக்கும் மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். 2021-இல் உரிமமுறையே முடிவுக்கு வந்தது. தேவையற்ற உரிமங்கள் எளிய மக்களின் பிழைப்புக்குத் தடையாகின்றன என்ற வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆயினும், கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு இரு துயர நிகழ்வுகள் சான்றாகின்றன. 1989-ஆம் ஆண்டு ரெபேக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையை, வெறிபிடித்த இரசிகன் ஒருவன் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அரிசோனாவில் உள்ள துப்பறியும் நிறுவனம் ஒன்றுக்கு 250 டாலர் கொடுத்தே அவன் அம்முகவரியைப் பெற்றிருந்தான். அது மோட்டார் வாகனத் துறைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இதன் எதிரொலியாக 1994-இல் வாகன ஓட்டுநரின் தனியுரிமையைக் காக்கும் கூட்டரசுச் சட்டம் நிறைவேறியது. அப்பதிவேடுகளை யார் பார்க்கலாம் என்ற பட்டியலில், சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக, உரிமம் பெற்ற துப்பறியும் நிறுவனங்களும் இடம்பெற்றன. அன்று முதல் உரிமம் என்பது சுவரில் மாட்டும் தாளாக மட்டும் இல்லை. பூட்டிய அறைக்குரிய திறவுகோலாகவும் ஆயிற்று.

மற்றொன்று 1999-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நிகழ்ந்தது. இணையத்தின்வழித் தகவல் விற்கும் நிறுவனம் ஒன்று, ஓர் இளம்பெண்ணின் பணியிட முகவரியை ஓர் ஆடவனுக்கு விற்றது. பொய்க்காரணம் கூறித் தொலைபேசியில் அழைத்தே அம்முகவரி பெறப்பட்டது. அவன் அங்குச் சென்று அப்பெண்ணைக் கொன்றுவிட்டுத் தானும் மாண்டான். தகவலை விற்பவர், அத்தகவலுக்குரிய மனிதரிடத்தும் கவனக் கடமை உடையவர் என அம்மாநில உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. காசு கொடுத்தவர் மட்டுமே வாடிக்கையாளர் என்று கைகழுவ இனி இயலாது.

இதனைப் படித்தபோது பழைய நினைவொன்று என்னை உறுத்தியது. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், அலுவலகத்தில் யாரும் இல்லாத வேளையில் தொலைபேசி ஒலித்தது. நான் எடுத்தேன். பேசியவர் தம்மை ஒரு மாணவியின் மாமா என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, குடும்பம் புதிதாகக் குடியேறிய வீட்டின் முகவரியைக் கேட்டார். பேச்சு மரியாதையாக இருந்தது. நானும் பதிவேட்டைத் திறந்துவிட்டேன். அவ்வேளை உள்ளே நுழைந்த மூத்த ஆசிரியை ஒருவர், “தம்பி, அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள்” என்றார். அவ்வாறே சொன்னேன், மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பின்னர்த் தாயாரை அழைத்துக் கேட்டபோது, அப்படி ஒரு மாமாவே இல்லை என்றார். அன்று அவர் சிறிது தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ண இன்றும் மனம் நடுங்குகிறது.

நம் மலேசியாவிலும் 1971-ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்படி இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும். இதையே மறுநாள் அம்மாணவனிடம் கூறினேன். “பிறரைப் பற்றிய செய்தியைத் தேடும் உரிமை வேண்டுமென்றால், அதனைக் காக்கும் பொறுப்பும் வேண்டும், தம்பி” என்றேன். அவன் சற்றே யோசித்துவிட்டு, “அப்படியென்றால் உங்களுக்கும் உரிமம் வேண்டுமா, ஐயா? எங்கள் எல்லாருடைய முகவரியும் உங்களிடம் இருக்கிறதே!” என்றான்.

சிரித்தேன், ஆனால் அவன் கேட்டது சரியே. நம் வகுப்புப் பதிவேட்டில் முப்பது வீடுகளின் கதவுகள் உள்ளன. ஆசிரியர்களே, அலைபேசிக் குழுக்களில் பெயர்ப்பட்டியலைப் பகிரும் முன் ஒரு கணம் நில்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கும் குரல் யாருடையது என்று பள்ளி உறுதி செய்துகொள்ளும்போது சினம் கொள்ளாதீர்கள். அது உங்கள் குழந்தைக்கான காவல்.