வண்டலூரில் பிறந்த ஹெரால்ட்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் தமிழ்நாட்டு உறவு

ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்பது 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரிக்கப்பட்ட சிறிய கார் ஆகும். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரின் இந்திய வடிவம் இது. நான்கு பேர் அமர்ந்து செல்லும் குடும்ப வண்டியாகவே தமிழ்நாட்டில் இது அறியப்பட்டது. ஆனால் இதே காரின் சேசிஸைச் சுருக்கித்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது.

கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் பழைய கார்களை ஓட்டிச் செல்லும் ஆர்வலர்களைக் காணலாம். அவற்றுள் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வந்தால், அதன் எலும்புக்கூட்டின் உடன்பிறப்பு இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், நெம்மேலியிலிருந்து கேளம்பாக்கம் வழியாக எளிதில் சென்றடையும் தொலைவில் உருவானது என்பது பலருக்குத் தெரியாது. இந்த உறவை அறிந்திருப்பது வரலாற்று ஆர்வத்திற்கு மட்டுமல்ல, அத்தகைய காரை வாங்க நினைப்பவர் ஏமாறாமல் இருப்பதற்கும் உதவும்.

தொழிற்சாலையின் தோற்றம்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இணைந்து 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கு உருவான கார் ஸ்டாண்டர்டு வேன்கார்டு. பின்னர் ஸ்டாண்டர்டு டென் போன்ற சிறிய கார்கள் வந்தன.

1950களின் தொடக்கத்தில் இந்திய அரசு, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்கும் முறையை ஊக்குவிக்க மறுத்தது. படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்க முன்வரும் நிறுவனங்களுக்கே இடம் உண்டு என்றது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. கார் சந்தையில் கல்கத்தாவை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும் நிலைத்தன.

வேன்கார்டு எஞ்சினும் டி.ஆர்.2 காரும்

வேன்கார்டு காரின் எஞ்சின் 2088 சி.சி. கொள்ளளவு கொண்டது. ஃபெர்குசன் டிராக்டரிலும் இதே வகை எஞ்சின் பொருத்தப்பட்டது. இதன் சிலிண்டர்கள் கழற்றி மாற்றக்கூடிய லைனர்களாக இருந்ததால், விட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிது. 1953இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது, 2 லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் அது சேரும்படி விட்டத்தைக் குறைத்து 1991 சி.சி. ஆக்கினார்கள். மோர்கன் நிறுவனத்தின் பிளஸ் ஃபோர் காரும் இந்த எஞ்சினைப் பெற்றது. ஏர் உழுத எஞ்சினின் நெருங்கிய உறவுதான் பந்தயத் தடத்திலும் ஓடியது.

ஹெரால்டிலிருந்து ஸ்பிட்ஃபயர்

1950களில் பெரும்பாலான ஐரோப்பியச் சிறிய கார்கள் தனி சேசிஸை விட்டுவிட்டு, உடலும் அடித்தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட அமைப்புக்கு மாறிவிட்டன. ஸ்டாண்டர்டு நிறுவனத்தால் அவ்வாறு மாற இயலவில்லை. அதற்குக் கார் உடல்களைச் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாததால், பல சிறிய ஆலைகளில் செய்யப்படும் துண்டுகளை ஒரு தனி சேசிஸின் மீது போல்ட் போட்டு இணைக்கும் முறையைக் கையாண்டனர். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிச்செலோட்டி அதற்கு உருவம் தந்தார். 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் வெளியானது.

நெருக்கடியில் பிறந்த இந்த அமைப்பு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. முதலாவதாக, தனி சேசிஸ் இருந்ததால் அதன் மீது வேறு உடலை ஏற்றுவது எளிதாயிற்று. சேசிஸைச் சுருக்கி, இரண்டு இருக்கை கொண்ட உடலை அமர்த்தி, 1962இல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டனர். 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர் கார்கள் தயாராயின. 6 சிலிண்டர் எஞ்சின் கொண்ட வைட்டெஸ், ஜி.டி.6 ஆகிய கார்களும் இதே அடித்தளத்தில் எழுந்தன. இரண்டாவதாக, துண்டு துண்டாகச் செய்து பூட்டும் முறை, பெரிய அச்சு எந்திரங்கள் குறைந்த வண்டலூர் போன்ற ஆலைக்குப் பொருந்தியது.

வண்டலூரில் ஹெரால்ட்

இங்கிலாந்தில் 1963இல் ஸ்டாண்டர்டு என்ற பெயரைக் கார்களிலிருந்து நீக்கிவிட்டனர். இந்தியாவில் அது தொடர்ந்தது. இந்திய ஹெரால்ட் 948 சி.சி. எஞ்சினுடனேயே ஓடியது. தொடக்கத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்தில் ஒருபோதும் விற்கப்படாத வடிவம் அது.

பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்சில் அமைப்பு இந்திய வாங்குவோருக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. பாரம் ஏற்றினால் சக்கரங்கள் சாய்ந்தன. டயர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்தன. ஆகவே 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் காரில், லாரிகளில் உள்ளது போன்ற நேரான ஒரே ஆக்சில் பொருத்தப்பட்டது.

ஸ்பிட்ஃபயரின் பெரும்பாலான உறுப்புகளின் மூலம் இங்கேயே இருந்தும் ஸ்பிட்ஃபயர் வண்டலூரில் தயாரிக்கப்படவில்லை. உரிமம் வழங்கிய அளவுக்கே உற்பத்தி செய்ய முடிந்த காலம் அது. ஒரு காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு நான்கு இருக்கையே தேவைப்பட்டது. எனவே இந்தியாவுக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் சமஸ்தான அரச குடும்பங்கள், தோட்ட முதலாளிகள், வெளிநாட்டுத் தூதரகப் பணியாளர்கள் ஆகியோர் வழியாக வந்தவை. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில், இறக்குமதிக் கார்களோடு ஹெரால்ட் போன்ற உள்நாட்டுக் கார்களும் மாற்றியமைக்கப்பட்டு ஓடின.

இறுதி ஆண்டுகள்

கெஸல் உற்பத்தி 1970களின் பிற்பகுதியில் நின்றது. 1985இல் நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. இதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது, எஞ்சினோ பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். டி.ஆர்.2 காரின் எஞ்சின் உறவு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வண்டலூரில் உயிரோடு இருந்தது. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம் என்ற குறைகளால் கார் விற்கவில்லை. 1983 இறுதியில் வந்த மாருதி 800 சந்தையை மாற்றிவிட்டிருந்தது. 1988இல் உற்பத்தி நின்றது. பின்னர் ஏலம் விடப்பட்ட உதிரிபாகங்களில் ஒரு பகுதியை, ரோவர் பாகங்கள் விற்கும் ஓர் ஆங்கில நிறுவனமே வாங்கிச் சென்றது. ஆலைக் கட்டடங்கள் 2006இல் அகற்றப்பட்டன.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை

ஹெரால்ட் குடும்பக் கார்களின் வரலாறே அவற்றைச் சோதிக்கும் வரிசையையும் சொல்கிறது. சேசிஸே காரின் அடிப்படை என்பதால், சோதனை கீழிருந்து தொடங்க வேண்டும். பெயின்ட் பளபளப்பு கடைசியாகப் பார்க்க வேண்டியது.

சேசிஸ்: நடுவில் ஓடும் இரண்டு முக்கியக் கட்டைகள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் குறுக்குத் தாங்கிகள் ஆகியவற்றை லிப்டில் ஏற்றியோ குழிக்குள் இறங்கியோ பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உள்ளே துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். கடற்கரையோரம் நெடுங்காலம் நின்ற வண்டியில் உப்புக் காற்றின் ஈரம் கட்டைகளின் உட்புறத்தைத் தின்றிருக்கும்.

கதவுக்குக் கீழே செல்லும் சில் தகட்டில் ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஹெரால்டில் வெளிப்புறத்திலும் சேசிஸ் கட்டை இருப்பதால், சில் தகடு வெறும் மூடி, துருப்பிடித்தால் மாற்றிவிடலாம். ஸ்பிட்ஃபயரில் அந்த வெளிக் கட்டை இல்லை. சில் தகடே வண்டியின் வலிமையைத் தாங்குகிறது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டி வெல்டிங் செய்திருந்தால் கார் நடுவில் வளைந்திருக்கும். கதவின் மேல்பக்க இடைவெளியும் கீழ்பக்க இடைவெளியும் சமமாக இல்லாவிட்டால் அதுவே அறிகுறி.

உடல்: துணி சுற்றிய சிறிய காந்தத்தைத் தகட்டின் மீது நகர்த்தினால், பட்டி அதிகம் பூசிய இடத்தில் அது ஒட்டாது. முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும் பானெட், இக்குடும்பக் கார்களின் அடையாளம். அது கதவோடு சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய விபத்தையோ வளைந்த சேசிஸையோ சந்தேகிக்கலாம்.

முன்சக்கரம்: சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் ட்ரன்னியன் என்னும் வெண்கலத் துண்டு உள்ளது. இதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் போட வேண்டும். பழக்கமில்லாத பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுவதால், உள்ளே நீர் புகுந்து அச்சு அரித்து, ஓட்டத்திலேயே முறிந்து சக்கரம் மடங்கக்கூடும். கடைசியாக எப்போது, என்ன ஆயில் போடப்பட்டது என்று விற்பவரிடம் கேட்பது அவசியம்.

பின்சக்கரம்: பின்னால் குறுக்காக உள்ள ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருந்தால் சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாய்ந்திருக்கும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் வளைவில் வேகமாகச் செல்லும்போது திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரம் அடியில் மடங்கிக் கார் சறுக்கும். 1970க்குப் பிந்தைய மாடல்களில் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இக்குறையைப் பெரிதும் குறைத்தனர்.

எஞ்சின்: முந்தைய நாள் இரவிலிருந்து அணைந்திருந்த எஞ்சினைக் காலையில் முதல்முறையாக ஸ்டார்ட் செய்வதைப் பார்ப்பதே சிறந்தது. நீலப் புகை, தட்டும் ஓசை ஆகியவை அப்போது வெளிப்படும். அணைத்தபின் ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்பக்கத்து கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். தவிர்த்தால் ஏற்படும் செலவு மிகப் பெரியது.

பெட்ரோல்: இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இந்தப் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பியே அமைந்தவை. கடினமான இருக்கைகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று கேட்க வேண்டும். இப்போதைய எத்தனால் கலப்பு, பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அரிக்கும். பானெட்டுக்குள் பெட்ரோல் கசிவு தீ விபத்துக்கு வழி.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். இறக்குமதியான காரென்றால் சுங்க வரி கட்டியதற்கான சான்றும் தேவை. பிற மாநில வண்டியாயின் தடையின்மைச் சான்று வேண்டும்.

2021 சூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய வழிவகுத்தது. இவற்றுக்குப் பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ இவற்றை ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாமல் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ஆகவே வேறு காரின் எஞ்சினை மாட்டிய வண்டி, நன்றாக ஓடினாலும் இப்பதிவைப் பெறுவது கடினம்.

உறவின் பயன்

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்சக்கர அமைப்பு, கியர் பெட்டி, எஞ்சின் ஆகியவற்றில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. எனவே புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் ஹெரால்டுக்கெனக் கிடைக்கும் பொருளும், ஹெரால்டைப் பிரித்துப் பூட்டிய மூத்த மெக்கானிக்கின் கைப்பழக்கமும் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்குப் பயன்படும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பழுதுபார்க்க ஓர் ஹெரால்டை உடைக்கும்போது, வண்டலூரில் செய்யப்பட்ட கார்களில் ஒன்று குறைகிறது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் கார்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் உள்ளன. நான்கு கதவு ஹெரால்டோ வண்டலூரைத் தவிர வேறெங்கும் உருவாகவில்லை. ஆலையே மறைந்துவிட்ட நிலையில், அங்கு உழைத்தோரின் கைவேலைக்கு எஞ்சியுள்ள சான்று அந்தக் கார்களே.