பச்சிளம் மூளையின் அழற்சி: அடக்குவதா, ஈடுசெய்வதா?

பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் மூளை அந்தச் சில நிமிடங்களிலேயே முழுதாகக் கெட்டுவிடுவதில்லை. ஆக்சிஜன் திரும்பியதும் நரம்பணுக்கள் தேறுகின்றன. குழந்தையும் சில மணி நேரம் அமைதியாகக் கிடக்கிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின் அணுக்களின் ஆற்றல் மறுபடி சரிகிறது, வலிப்பு வருகிறது. அந்த இடைவெளியில் விழித்துக்கொள்பவை மைக்ரோகிளியா என்னும் மூளையின் காவல் அணுக்கள். அவை சுரக்கும் இன்டர்லூக்கின்-1பீட்டா போன்ற பொருள்களுக்கு இந்த இரண்டாம் சரிவில் பெரும்பங்கு உண்டு. அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் மூளை தப்பிவிடும் என்று முடிவு கட்டுவது எளிது. அந்த முடிவு ஆபத்தானது. வளரும் மூளைக்கு வேண்டியது, அது இழந்த தணிப்புப் புரதங்களை ஈடுசெய்வதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மைக்ரோகிளியா சேதம் செய்வதற்கென்றே வந்தவை அல்ல. கருவின் தொடக்க வாரங்களிலேயே மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குள் குடியேறி, தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரித்து, இறந்த அணுக்களை அகற்றுகின்றன. அழற்சிக்குரிய மூலக்கூறுகளில் பல இந்தக் கட்டுமான வேலைக்கும் பயன்படுகின்றன. ஒட்டுமொத்தமாக அடக்கியதன் விளைவைக் குழந்தை மருத்துவம் முன்பே பார்த்திருக்கிறது. 1990களில் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைக் காக்க டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு தாராளமாகத் தரப்பட்டது. மூச்சு சீரானது, ஆனால் பிறந்த முதல் நாள்களிலேயே அம்மருந்தைப் பெற்றவர்களிடையே பெருமூளை வாதம் கூடியது. 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதை வழக்கமாகத் தருவதைக் கைவிடச் சொன்னது. ஸ்டீராய்டுக்கு வேறு விளைவுகளும் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் இந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது.

ஆகவேதான் இன்டர்-ஆல்ஃபா தடுப்புப் புரதங்கள் என் கவனத்தை ஈர்க்கின்றன. இவை உடலுக்கு அந்நியமானவை அல்ல. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி, பிளாஸ்மாவில் மிகுதியாக ஓடுகின்றன. பைகுனின் என்ற சிறு சங்கிலியோடு கனச்சங்கிலிகள் இணைந்த அமைப்பு. இரத்தத்தில் 250, 125 கிலோடால்டன் எடையுள்ள இரு வடிவங்களில் கிடைக்கிறது. வெள்ளணுக்கள் கக்கும் எலாஸ்டேஸ் முதலிய, புரதத்தை அறுக்கும் நொதிகளைப் பைகுனின் பகுதி தடுக்கிறது. ஆரோக்கியமான பச்சிளம் குழந்தையின் இரத்தத்தில் இவற்றின் அளவு பெரியவர்களை ஒத்தே இருக்கிறது. கடும் தொற்று கண்ட குழந்தையிடம் வெகுவாகச் சரிகிறது. ஆட்டுக் கருவின் மூளையிலும் எலிக் குட்டியின் மூளையிலும் இவை காணப்படுவதால், இவற்றுக்கு வளர்ச்சியிலும் பங்கிருக்கலாம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பார்பரா ஸ்டோன்ஸ்ட்ரீட் குழுவினர் இப்புரதங்களை எலிக் குட்டிகளில் நெடுங்காலமாகச் சோதித்துவருகின்றனர். பயன்படும் மாதிரி 1981இல் ரைஸ், வன்னுச்சி ஆகியோர் வகுத்தது: பிறந்து ஏழு நாளான குட்டியின் ஒருபக்கக் கழுத்துத் தமனியைக் கட்டிவிட்டு, 8 சதவீத ஆக்சிஜனே உள்ள காற்றைச் சுவாசிக்கவிடுவது. மனித பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதத்தை அதன்பின் செலுத்தியபோது மூளைச் சேதம் குறைந்தது. இரு பாலிலும் பலன் ஒரே சீராக இல்லை. ஆண் குட்டிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. இதை ஆய்வின் குறையாக நான் பார்க்கவில்லை. அழற்சியின் பாதையே பாலுக்குப் பால் வேறுபடக்கூடும் என்பதற்கான தடயம் இது.

இந்த வாதம் தெற்காசியாவுக்கு ஏன் முக்கியம் என்பதை ஹெலிக்ஸ் ஆய்வு காட்டுகிறது. உடலை 33.5 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பதே செல்வ நாடுகளில் இன்று நிலைத்துவிட்ட சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் சென்னை உள்ளிட்ட மையங்களில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2021இல் வெளியான முடிவில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். ஏழு குழந்தைகளுக்கு இச்சிகிச்சை தந்தால் ஒரு குழந்தையைக் காக்கலாம் என்ற அளவுக்கு நம்பிவந்த முறை, இங்கே உயிரைக் குடித்தது என்பதை எளிதில் கடந்துபோக முடியாது. தொற்றே காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது; அதற்கு அந்த ஆய்விலேயே போதிய சான்றில்லை. ஆனால் பாக்டீரியாவின் நச்சுப்பொருளை முன்கூட்டிச் செலுத்திய எலிக் குட்டிகளில் குளிர்விப்பு மூளையைக் காக்கவில்லை என்பது 2014இல் காட்டப்பட்டது. அழற்சி முன்பே மூண்டிருக்கும் மூளையும், திடீரென மூச்சுமுட்டிய மூளையும் ஒரே நோயாளி அல்ல.

எரித்ரோபொய்ட்டின் தந்த ஏமாற்றமும் இங்கே பொருந்தும். விலங்குகளில் அழற்சியைத் தணித்து மூளையைக் காத்த இந்தப் புரதம், அமெரிக்காவில் குளிர்விக்கப்பட்ட 500 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2022இல் தோற்றது: இறப்போ வளர்ச்சிக் குறையோ கண்டவர்கள் மருந்து பெற்றோரில் 52.5 சதவீதம், பெறாதோரில் 49.5 சதவீதம். புரதச் சிகிச்சையே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே குளிர்விப்பின் மேல் கூடுதலாக ஒரு மருந்துதான் சோதிக்கப்பட்டது. குளிர்விப்பு பொருந்தாத குழந்தைக்குத் தனி மருந்தாக ஒரு புரதம் உதவுமா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

இன்டர்-ஆல்ஃபா புரதங்களை மனிதக் குழந்தைகளிடம் சோதிக்கும் நாள் வந்தால், ஒவ்வொரு குழந்தையின் இரத்தத்திலும் அவற்றின் அளவை முதலில் பார்த்து, சரிந்தவர்களுக்கே தர வேண்டும். ஆண், பெண் முடிவுகளைத் தொடக்கத்திலேயே பிரித்துத் திட்டமிட வேண்டும். அந்தச் சோதனை எழும்பூரிலும் டாக்காவிலும் தொடங்க வேண்டும். பாஸ்டனில் முடிந்த பிறகு இங்கே வந்து சேரக்கூடாது.